பழைய டிவி கேமை மைன்கிராஃப்டில் கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கனசதுர பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் பழைய டிவி கேம் ஒன்றின் படத்தையோ களத்தையோ கட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். டிவி கேம் என்று நாங்கள் சொல்வது 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியையும், அதைப் பார்த்துச் செய்து 90-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற நகல் பெட்டிகளையும். பெட்டியில் செருகுவதை எல்லோரும் கேசட் என்றே சொன்னதால் இங்கும் அது கேசட்தான். மைன்கிராஃப்டுக்கு ஜாவா, பெட்ராக் என்று இரண்டு பதிப்புகள் உண்டு. இங்குள்ள எண்கள் ஜாவா எடிஷனுக்கு உரியவை. பெட்ராக்கில் மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

எங்கிட்ட மைன்கிராஃப்ட் இல்ல. ஜாவா வாங்கணுமா, பெட்ராக் வாங்கணுமா?

விண்டோஸ் கணினி என்றால் இந்தக் கேள்வியே வேண்டாம். 2022 முதல் இரண்டும் ஒரே விலையில் சேர்ந்தே வருகின்றன. ஃபோனிலும் கன்சோலிலும் பெட்ராக் மட்டும்தான். சுவரில் படம் கட்ட எது இருந்தாலும் போதும். விளக்கு, இசை, துப்பாக்கி என்று ரெட்ஸ்டோன் (மைன்கிராஃப்டின் மின்சுற்றுப் பொருள்) பக்கம் போவதாக இருந்தால் ஜாவாவில் செய்யுங்கள்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024-இல் லுவான்டி ஆன இலவசத் திறமூல மென்பொருளை இறக்கி, அதற்குள் வோக்ஸெலிப்ரே கேமைப் போட்டுக்கொள்ளலாம். படம் கட்டும் பகுதி முழுக்கப் பொருந்தும். ரெட்ஸ்டோன் பகுதி அப்படியே பொருந்தாது.

முதல்ல என்ன கட்டுறது? நேரா மாரியோ ஸ்கிரீனையே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம், பாதியில் விட்டுவிடுவீர்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் நண்டில் தொடங்குங்கள். 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஆர்கேட் கேம் அது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் எல்லோருக்கும் உயரம் 8 பிக்சல். அகலம் மட்டும் 8, 11, 12 என்று மாறும். நடுவில் வரும் நண்டு 11 அகலம். 88 கட்டங்களில் நிறமுள்ளவை 46 மட்டுமே, அதுவும் ஒரே நிறம்.

மேலிருந்து கீழாக, இடமிருந்து எண்ணி, ஒரு பிக்சலுக்கு ஒரு பிளாக்காக வையுங்கள். முதல் வரிசையில் 3, 9. இரண்டாவதில் 4, 8. மூன்றாவதில் 3 முதல் 9 வரை. நான்காவதில் 2, 3, 5, 6, 7, 9, 10. ஐந்தாவது வரிசை முழுவதும். ஆறாவதில் 1, பிறகு 3 முதல் 9, பிறகு 11. ஏழாவதில் 1, 3, 9, 11. எட்டாவதில் 4, 5, 7, 8. இதை முடித்ததும் சின்ன மாரியோவுக்குப் போகலாம். அவர் 16-க்கு 16 கட்டத்துக்குள் அடங்குவார், மூன்றே நிறம். ஃபேமிகாமில் நகரும் உருவம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறமும் ஒரு வெறுமையும்தான் அனுமதி.

கூகுள்ல எடுத்த படம் கட்டம் கட்டமா வரமாட்டேங்குது. ஓரமெல்லாம் மங்கலா இருக்கு. நல்ல படம் எங்க கிடைக்கும்?

யாரோ பெரிதாக்கி ஜேபெக்காகச் சேமித்த படம் உங்கள் கையில் இருக்கிறது. ஃபேமிகாமின் ஸ்கிரீன் 256-க்கு 240 பிக்சல். படத்தின் அளவு அதுவாகவோ அதன் முழு மடங்காகவோ இருக்க வேண்டும், கோப்பு பிஎன்ஜியாக இருக்க வேண்டும். 1024-க்கு 960 என்றால் நான்கு மடங்கு. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து அளவை 25 சதவீதமாகக் குறையுங்கள். இன்டர்போலேஷன் என்ற இடத்தில் 'நன்' என்று இருப்பதை மறக்காமல் தேர்ந்தெடுங்கள். வேறு எது இருந்தாலும் பக்கத்து நிறங்கள் கலந்து மறுபடி மங்கும்.

பிறகு நிறங்களை எண்ணுங்கள். பின்னணிக்கு ஒன்று, மற்றதெல்லாம் சேர்த்து 24, ஆக ஒரு நேரத்தில் 25 நிறத்துக்கு மேல் அந்தப் பெட்டி பொதுவாகக் காட்டாது. உங்கள் படத்தில் 300 நிறம் இருந்தால் அது சுத்தமான படமல்ல. கடைசியாக 16 பிக்சலுக்கு ஒரு கோடு என்று கிரிட் போட்டுக்கொள்ளுங்கள். தரை, செங்கல், குழாய் எல்லாம் இந்தக் கிரிட்டில்தான் உட்காரும். மைன்கிராஃப்டின் ஒரு பிளாக் முகமும் 16-க்கு 16 பிக்சல்தான் என்பதைக் கவனித்தால் ஒரு சின்ன சந்தோஷம் கிடைக்கும்.

ஒரு பிக்சலுக்கு ஒரு பிளாக்னா சின்னதா தெரியுது. ரெண்டுக்கு ரெண்டா போடலாமா?

போடாதீர்கள். நீளமும் அகலமும் இரண்டு மடங்கானால் பிளாக் நான்கு மடங்காகும். முழு ஸ்கிரீன் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே 61,440 பிளாக். இரண்டுக்கு இரண்டு என்றால் 2,45,760. சின்னதாகத் தெரிவது நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு பாத்திரத்தை மட்டும் பார்ப்பதால். தரையும் குழாயும் மேகமும் சுற்றி வந்த பிறகு அளவு சரியாகிவிடும்.

கம்பளியா, கான்கிரீட்டா? சர்வைவல்ல எவ்வளவு பொருள் சேர்க்கணும்?

கான்கிரீட். நிறம் தட்டையாக, பளிச்சென்று இருக்கும், தீப்பிடிக்காது. கம்பளியில் நூல் நூலாகத் தெரியும். பக்கத்தில் எரிகுழம்போ இடியோ விழுந்தால் எரிந்தும் போகும். டெரகோட்டா மங்கல், அதனால் மாரியோவின் தோல், தரை மண் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் 4, சரளை 4, சாயம் 1 சேர்த்தால் கான்கிரீட் பவுடர் 8 கிடைக்கும். முழு ஸ்கிரீனுக்கு மணல் 30,720, சரளை 30,720, சாயம் 7,680. அடுக்குக்கு 64 என்ற கணக்கில் 960 அடுக்கு, அதாவது 18 இரட்டைச் சேமிப்புப் பெட்டி. மணல் பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கும், சரளைதான் இழுக்கும். இதனால்தான் முழு ஸ்கிரீனைப் பொருள் தானே கிடைக்கும் கிரியேட்டிவில் கட்டுங்கள், பொருளைத் தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவலில் தனித்தனி உருவங்களைக் கட்டுங்கள் என்று சொல்கிறோம். சர்வைவலில் கட்டினால் அந்தப் பகுதிக்கு வெளிச்சம் போடுங்கள். இருட்டில் தோன்றும் கிரீப்பர் என்ற அரக்கன் வெடித்தால் கான்கிரீட்டும் தாங்காது.

கான்கிரீட் பவுடரை அடுக்கினா கீழ விழுந்துடுது. தண்ணி ஊத்தினா பாதிதான் கெட்டியாகுது.

பவுடர் மணலைப் போல விழும், தண்ணீர் நேரடியாகத் தொட்ட பிளாக் மட்டும் கெட்டியாகும். உள்ளே மாட்டிக்கொண்டது பவுடராகவே நிற்கும். ஆகவே படத்தில் வைத்துக் கெட்டியாக்கப் பார்க்காமல் முதலிலேயே கெட்டியாக்கிக் கொண்டு வாருங்கள்.

ஜாவாவில் எளிய வழி: தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று இடது கையில் பவுடர், வலது கையில் பிக்காக்ஸ் வைத்துக்கொண்டு இரண்டு மவுஸ் பட்டனையும் அழுத்திப் பிடியுங்கள். வைத்த உடனே கெட்டியாகும், உடனே உடைந்து கைக்கு வரும். பிக்காக்ஸ் இல்லாமல் உடைத்தால் கான்கிரீட் காணாமல் போய்விடும். பெட்ராக்கில் இடது கையால் பிளாக் வைக்க முடியாது. அங்கே தண்ணீர் ஓரமாகத் தூண் தூணாக அடுக்கி, பிறகு மேலிருந்து உடைத்து வருவதுதான் வழி.

மாரியோ வானத்தோட நீலம் எந்த பிளாக்லயும் சரியா வரல. எது சரியான நிறம்?

ஒரே சரியான நிறம் என்று ஒன்று கிடையாது. ஃபேமிகாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து அனுப்பவில்லை, நேரடியாக வீடியோ சிக்னலை உண்டாக்கியது. அதை நிறமாக்கியது அவரவர் வீட்டு டிவி. உங்கள் நினைவில் இருக்கும் நீலம் உங்கள் வீட்டு டிவியின் நீலம்.

நடைமுறையில், லைட் ப்ளூ கான்கிரீட் பச்சைப் பக்கம் சாயும். அந்த வானமோ ஊதா பக்கம் சாய்ந்தது. கிட்டத்தில் வருவது பேக்டு ஐஸ், அதிலும் அடுத்து வரும் மேப் முறையில் கட்டினால் அச்சாக அந்த ஊதா கலந்த நீலம் கிடைக்கும். சாதாரண ஐஸ் வெளிச்சம் பட்டால் உருகும், பேக்டு ஐஸ் உருகாது.

சுவரா நிமிர்த்திக் கட்டணுமா, தரையில படுக்க வைக்கணுமா?

இரண்டுக்கும் நோக்கம் வேறு. நடந்து வந்து அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றால் சுவர். 1.18 பதிப்புக்குப் பிறகு உயரம் -64 முதல் 319 வரை. கடல் மட்டத்துக்கு மேலேயே 240 வரிசை அடங்கிவிடும். ஆனால் முழுதாகப் பார்க்கத் தள்ளி நிற்க வேண்டும்: வழக்கமான 70 பார்வைக் கோணத்தில் சுவரின் பாதி உயரத்தில் நின்றால் சுமார் 171 பிளாக் தூரம். மூலைகள் இன்னும் தூரம், ஆகவே எவ்வளவு தூரம் வரை காட்டுவது என்ற ரெண்டர் டிஸ்டன்ஸ் 14 சங்க்குக்கு (ஒரு சங்க் 16 பிளாக்) குறைந்தால் ஓரங்கள் மூடுபனியில் போய்விடும். 16 வையுங்கள்.

தரையில் கட்டினால் மேப்பில் படமாக எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டலாம். எங்கள் ஓட்டு தரைக்குத்தான். விழுந்து சாகும் வேலை இல்லை, சாரம் கட்ட வேண்டாம்.

தரையில கட்டி மேப் எடுத்தேன். படம் நாலா பிளந்து கிடக்கு, மேல ஒரு கோடு வேற தப்பு நிறத்துல வருது.

பிளந்ததற்குக் காரணம் நீங்கள் கட்டத் தொடங்கிய இடம். மேப் நீங்கள் நிற்கும் இடத்தை நடுவாக வைத்து விரிவதில்லை, உலகம் முன்கூட்டியே 128-க்கு 128 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சதுரம் எக்ஸ் (கிழக்கு மேற்கு), இசட் (வடக்கு தெற்கு) இரண்டிலும் -64-இல் தொடங்கி 63-இல் முடியும், அடுத்தது 64 முதல் 191 வரை. படத்தின் மேல் இடது மூலையை எக்ஸ் -64, இசட் -64-இல் வையுங்கள். மேப்பில் வடக்குதான் மேல், ஆகவே படத்தின் தலை வடக்கே இருக்க வேண்டும். 256 அகலம் இரண்டு மேப்பில் கச்சிதமாக அடங்கும். 240 உயரம் இசட் 175-இல் முடிந்து கீழே 16 வரிசை மிஞ்சும். அதைக் கறுப்பாக்கிவிட்டால் டிவியின் ஓரம் போலிருக்கும். மொத்தம் நான்கு மேப். பாக்-மேன் கட்டினால் கணக்கு வேறு, அதன் ஸ்கிரீன் நின்ற வாக்கில் 224-க்கு 288, ஆகவே ஆறு மேப் வேண்டும்.

மேலே வரும் கோட்டுக்குக் காரணம் நிழல் கணக்கு. ஒவ்வொரு பிளாக்கின் உயரத்தையும் அதற்கு வடக்கே உள்ள பிளாக்கோடு ஒப்பிட்டு, மேலே இருந்தால் வெளிர் நிறம், கீழே இருந்தால் அடர் நிறம், சமமாக இருந்தால் நடு நிறம் என்று மேப் தீட்டும். உங்கள் முதல் வரிசைக்கு வடக்கே காட்டுத் தரை இருக்கிறது. இசட் -65-இல் அதே உயரத்தில் ஏதாவது ஒரு வரிசை பிளாக் போட்டால் கோடு மறையும். இந்த நிழலை வேண்டுமென்றே பயன்படுத்தி, படிக்கட்டாக ஏற்றி இறக்கி ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று சாயல் எடுப்பவர்களும் உண்டு.

மேப்பின் நிறமும் பிளாக்கின் நிறமும் ஒன்றல்ல. சிவப்பு கான்கிரீட் மேப்பில் செங்கல் போல மங்கும், ரெட்ஸ்டோன் பிளாக் கண்ணைப் பறிக்கும். சாதாரணக் கண்ணாடி மேப்பில் தெரியவே தெரியாது. முடிந்ததும் மேப்பைக் கையில் பிடித்தபடி நான்கு சதுரத்திலும் நடந்து நிரப்பி, கார்ட்டோகிராஃபி மேசையில் கண்ணாடிப் பலகை ஒன்று வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு தரையை இடித்தாலும் படம் அழியாது.

எல்லாம் சரியா இருந்தும் சின்ன வயசுல பார்த்ததைவிட ஒல்லியா தெரியுதே?

உங்கள் கண் சரி. மைன்கிராஃப்ட் பிளாக் சதுரம், ஃபேமிகாம் பிக்சல் டிவியில் சதுரமல்ல. அமெரிக்க, ஜப்பானிய டிவிகளில் உயரம் 7 என்றால் அகலம் 8. நம் ஊரின் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவியில் கோடுகள் அதிகம் என்பதால் படம் மேலும் கீழும் கறுப்பு விட்டு இன்னும் குட்டையாக, அகலமாக வந்தது. இதைப் பிளாக்கில் திருத்தப் பார்த்தால் சில பிக்சல் ஒன்றாகவும் சில இரண்டாகவும் வந்து கட்டம் சிதையும். விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிளாக்கா வச்சு மாளல. சுருக்குவழி இருக்கா?

கிரியேட்டிவில் ஃபில் (ஒரு பகுதியை ஒரே பிளாக்கால் நிரப்புவது), க்ளோன் (ஒரு பகுதியை நகலெடுப்பது) கமாண்டுகள். ஒரு தடவைக்கு 32,768 பிளாக் எல்லை. வானத்தை 256-க்கு 128 என்று ஒரு தடவை ஊற்றினால் எல்லைக்குக் கச்சிதமாக நிற்கும், பிறகு 256-க்கு 112 இன்னொரு தடவை. அதன்மேல் உருவங்களை வையுங்கள்.

க்ளோனைச் சரியாகப் பயன்படுத்த அந்தக் கேம் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் போதும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட் கேசட்டில் அடங்கியது. அதற்காகவே வானத்து மேகத்தையும் தரைப் புதரையும் ஒரே வடிவத்தில் வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: மேகத்தை ஒருமுறை கட்டி, க்ளோன் செய்து தரையில் இறக்கி, ஃபில் கமாண்டின் ரீப்ளேஸ் வசதியால் வெள்ளையைப் பச்சையாக்குங்கள். தரைக்கல் ஒன்று, செங்கல் ஒன்று, கேள்விக்குறிப் பெட்டி ஒன்று கட்டினால் மீதியெல்லாம் நகல்.

டாங்க் கேம்ல நாமளே மேப் போடுவோமே, கன்ஸ்ட்ரக்ஷன்னு. அதை உள்ள நடந்து விளையாடுற மாதிரி கட்டலாமா?

கட்டலாம், இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் இதுவே மிகச் சிறந்த திட்டம். நாம்கோவின் பேட்டில் சிட்டி (1985) அது. நம்மில் பலருக்கு முதல் கட்டுமான விளையாட்டே அந்த கன்ஸ்ட்ரக்ஷன் திரைதான். களம் 13-க்கு 13 கட்டம். ஒவ்வொரு கட்டமும் நான்கு ஓடுகளாகப் பிரிவதால் 26-க்கு 26 ஓடு. ஓட்டுக்கு ஒரு பிளாக் வையுங்கள். டாங்க் இரண்டு ஓடு அகலம் என்பதால் சந்துகள் இரண்டு பிளாக் அகலமாக வரும், ஆள் நடக்கக் கச்சிதம். சுற்றி ஒரு பிளாக் சாம்பல் கான்கிரீட் எல்லை, ஆக 28-க்கு 28. சுவர் உயரம் 3.

ஐந்து பொருளுக்கும் நேரான இணை உண்டு. செங்கலுக்குப் பிரிக்ஸ். சாதாரணக் குண்டுக்கு உடையாத இரும்புக்கு அப்சிடியன். டாங்க் வழுக்கும் பனிக்கு பேக்டு ஐஸ் தரை, இங்கும் வழுக்கும். டாங்க் மறையும் காட்டுக்கு இரண்டு பிளாக் உயர நீள்புல், அடியில் மண் வேண்டும். தண்ணீர்தான் சிக்கல். டாங்க்கை அது தடுக்கும், குண்டைத் தடுக்காது. மைன்கிராஃப்டில் ஆள் நீந்திப் போய்விடுவார். மூன்று பிளாக் ஆழத்துக்குத் தோண்டி அடித்தட்டில் மட்டும் தண்ணீர் விடுங்கள். அம்பு மேலே பறக்கும், விழுந்தவர் ஏற முடியாது. நாம் காக்க வேண்டிய கழுகுக்கு கீழ் எல்லையின் நடுவில் இடம்.

கையால் சுவரை உடைக்க விடாத அட்வென்ச்சர் மோடில் எல்லோர் கையிலும் வில். செங்கல் உடைய ஜாவாவில் கமாண்டை விடாமல் திரும்ப ஓட்டும் ஒரு ரிப்பீட் கமாண்ட் பிளாக் வேண்டும்: எதிலாவது குத்தி நிற்கும் ஒவ்வொரு அம்பின் இடத்திலும், எல்லாப் பக்கமும் ஒரு பிளாக் வரை பிரிக்ஸை மட்டும் காற்றாக மாற்றும் ஃபில். அதையடுத்த செயின் பிளாக்கில் அந்த அம்பைக் கொல்லும் கமாண்ட். இரண்டாவதை மறந்தால் செங்கல் போனதும் அதே அம்பு கீழே விழுந்து அடுத்ததையும் குடையும், ஒரு அம்பில் சுவரே காலி. ரீப்ளேஸ் பிரிக்ஸுக்கு மட்டும் என்பதால் அப்சிடியன் தானாகவே தப்பும்.

அப்போ கஷ்டப்பட்டு போட்ட மேப் கரண்ட் போனா போயிடுமே, ஏன் சேவ் ஆகல?

கேசட்டில் எழுத இடம் இல்லை. பெட்டிக்குள் இருந்த 2 கிலோபைட் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான். எக்சைட்பைக் போல ஓடுதளம் போட விட்ட சில கேம்களில் சேவ் என்ற சொல்லே திரையில் இருக்கும், ஆனால் அது ஜப்பானில் தனியாக விற்ற டேப் ரெக்கார்டருக்கானது. களத்தைக் கட்டியபின் 28-க்கு 28-ஐ ஸ்ட்ரக்சர் பிளாக்கில் சேமித்துவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுவர்களைப் புதிதாக இறக்கலாம். அதன் எல்லை 48 பிளாக், இடம் தாராளம்.

ரெட்ஸ்டோன் விளக்குல ஸ்பேஸ் இன்வேடர் நண்டைக் கையாட்ட வச்சேன். ஒரு விளக்குக்குக் கொடுத்தா பக்கத்து விளக்கும் எரியுது.

விளக்கு கெட்டியான பிளாக். சிக்னலைத் தாமதித்து அனுப்பும் ரிப்பீட்டரோ வயர் போல ஓடும் ரெட்ஸ்டோன் தூளோ நேராக அதற்குள் பாய்ந்தால் விளக்கே மின்னேறி, தன்னைத் தொடும் விளக்குகளையும் எரிய வைக்கும். டார்ச்சை விளக்குக்குப் பக்கவாட்டில் வைத்தால் அந்த விளக்கு எரியும், ஆனால் மின்னேறாது. ஆகவே மூன்று அடுக்காகக் கட்டுங்கள்: முன்னால் விளக்குச் சுவர், ஒரு பிளாக் இடைவெளி, பின்னால் கல் சுவர். கல் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் நேராக ஒரு ரெட்ஸ்டோன் டார்ச்சை விளக்கைப் பார்த்தபடி மாட்டுங்கள். கல்லுக்குப் பின்னாலிருந்து ரிப்பீட்டர் மின்சாரம் கொடுத்தால் டார்ச் அணையும், விளக்கும் அணையும்.

நண்டின் இரண்டாவது நிலைக்கு, முதல் கேள்விகளில் தந்த வரிசைகளோடு ஒப்பிட்டால் 38 விளக்கு எப்போதும் எரிபவை. அவற்றின் கல்லுக்கு இணைப்பே வேண்டாம். முதல் நிலையில் மட்டும் எரிபவை 8: ஆறாவது, ஏழாவது வரிசைகளில் 1, 11, எட்டாவதில் 4, 5, 7, 8. இரண்டாவதில் மட்டும் எரிபவை 10: இரண்டு, மூன்று, நான்காவது வரிசைகளில் 1, 11, ஆறாவது, எட்டாவது வரிசைகளில் 2, 10. ஒரு கடிகாரச் சுற்றிலிருந்து ஒரு குழுவுக்கு நேராகவும் மறு குழுவுக்கு டார்ச் வழியாகத் தலைகீழாகவும் கொடுங்கள். மொத்தம் 56 விளக்கு, அதற்கு க்ளோஸ்டோன் 56, ரெட்ஸ்டோன் தூள் 224. கடிகாரத்தை வேகமாக்கிவிடாதீர்கள். 3 நொடிக்குள் 8 தடவைக்கு மேல் மாறினால் டார்ச் கருகி நின்றுவிடும்.

விளக்கின் மஞ்சள் பிடிக்கவில்லை என்றால் முன்னால் பச்சைக் கண்ணாடி போடுங்கள். இது ஏமாற்று வேலையல்ல. அந்த ஆர்கேட் பெட்டியில் இருந்ததே கறுப்பு வெள்ளைத் திரைதான், நிறத்துக்காக அதன்மேல் வண்ண பிளாஸ்டிக் பட்டைகள் ஒட்டியிருந்தார்கள்.

பழைய கேம் மியூசிக் மாதிரியே சத்தம் வர வைக்க முடியுமா? நோட் பிளாக் பியானோ மாதிரி கேக்குது.

நோட் பிளாக்கின் அடியில் மரகத பிளாக் வையுங்கள். 1.14-இல் வந்த அந்த ஒலி பழைய சில்லின் சதுர அலையேதான். ஃபேமிகாமில் ஐந்து ஒலி வழிகள் இருந்தன: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு பதிவு ஒலி. மெட்டுக்கும் துணை மெட்டுக்கும் மரகதம், முக்கோண அலைக்குப் பதில் அடியில் மரம் வைத்த பாஸ், இரைச்சல் தாளத்துக்கு மணலும் கண்ணாடியும். ஐந்தாவது வழி பல கேம்களில் சும்மா இருந்தது, விட்டுவிடலாம். இரண்டு மெட்டுக்கு மேல் அடுக்காதீர்கள், அடுக்கினால் அந்தக் காலத்துத் தன்மை போய்விடும். நோட் பிளாக்கின் தலைக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஊமை.

யூட்யூப்ல கேட்டு வேகம் வச்சா நினைவுல இருக்கிறதைவிட வேகமா ஓடுது. ரிப்பீட்டர்ல சரியாவும் வரல.

அந்தப் பதிவுகள் பெரும்பாலும் நொடிக்கு 60 பிரேம் ஓடும் அமெரிக்க, ஜப்பானியப் பெட்டியிலிருந்து எடுத்தவை. நம் டிவி 50. பிரேமை எண்ணியே இசையும் ஓடியதால், மாற்றி எழுதப்படாத கேம்கள் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின.

ரிப்பீட்டரின் ஒரு படி 0.1 நொடி. நிமிடத்துக்கு 180 தட்டு உள்ள பாட்டுக்குத் தட்டுக்கு 0.33 நொடி வேண்டும், அது வராது: மூன்று படி வைத்தால் 200, நான்கு வைத்தால் 150. ஆனால் 180-இல் ஆறில் ஒரு பங்கு போனால் 150. நம் ஊர் வேகத்துக்கு நான்கு படி அச்சாகப் பொருந்துகிறது.

வாத்து சுடுற கேமை செய்யணும். துப்பாக்கிக்கு என்ன பண்றது?

வில்லோ பனிப்பந்தோ போதும். இலக்காக டார்கெட் பிளாக் (வைக்கோல் கட்டு ஒன்று, ரெட்ஸ்டோன் தூள் நான்கு). நடுவில் பட்டால் 15, ஓரத்தில் குறைவு என்று சிக்னல் தரும். அம்புக்கு அது ஒரு நொடி நீடிக்கும், பனிப்பந்துக்கு 0.4 நொடி. இலக்கை ஒட்டும் பிஸ்டனில் வைத்துப் புதருக்குப் பின்னாலிருந்து எழுப்புங்கள்.

எந்த வாத்து எழும் என்பதைக் குலுக்கிப் போட, பொருளைத் தள்ளும் ஒரு ட்ராப்பரும் பொருளை வாங்கி நகர்த்தும் ஹாப்பரும் ஒன்றையொன்று பார்க்கட்டும். ட்ராப்பருக்குள் அடுக்கக்கூடிய பொருள் ஒன்று, அடுக்க முடியாத வாள் ஒன்று. ட்ராப்பர் எதையாவது ஒன்றைத் தள்ளும். ஹாப்பரைப் படிக்கும் கம்பாரேட்டர் சாதாரணப் பொருளுக்கு 1, வாளுக்கு 3 என்று காட்டும். 3 வந்தால் வலது வாத்து, இல்லையென்றால் இடது. பொருள் தானே ட்ராப்பருக்குத் திரும்பிவிடும்.

பரண்ல பழைய பெட்டி இருக்கு. அதையும் ஓட்டிப் பார்க்கலாமா? கேசட்டை ஊதினா போதுமா?

ஊதாதீர்கள். ஊதியதால் சரியானதாக நினைத்தது, எடுத்துத் திரும்பச் செருகியதால் தொடுமுனை சரியாக உட்கார்ந்தது. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். காது துடைக்கும் பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்ததும் போடுங்கள். அடாப்டர் தொலைந்திருந்தால் பெட்டியின் அடியில் எழுதிய வோல்ட்டையும் துருவத்தையும் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் ஏவி வயர் இருந்தால், அதைச் செருகும் துளையுள்ள புது டிவியிலும் படம் வரும்.

துப்பாக்கி மட்டும் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரையைக் கறுப்பாக்கி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம் காட்டி, அந்த வெளிச்சம் உடனே துப்பாக்கிக்குள் விழுகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பழைய குழாய் டிவிக்குக் கணக்கிட்ட அந்த நேரத்துக்குள் எல்ஈடி டிவி படத்தைக் காட்டி முடிப்பதில்லை.

படம், விளக்கு எல்லாம் சரி. உண்மையான பழைய கேமையே மைன்கிராஃப்டுக்குள்ள ஓட வைக்க முடியுமா?

செய்திருக்கிறார்கள். 2016-இல் செத்பிளிங் என்ற பெயரில் இயங்கும் வீடியோ படைப்பாளர் 2,000-க்கும் மேற்பட்ட கமாண்ட் பிளாக்குகளால் அடாரி 2600 பெட்டியின் செயலியையே மைன்கிராஃப்டுக்குள் பின்பற்றிக் காட்டினார். கேசட்டின் ஒவ்வொரு பிட்டும் தரையில் ஒரு பிளாக். 128 பைட் நினைவகமும் 4 கிலோபைட் கேசட்டும் என்பதால்தான் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஆனால் உட்கார்ந்து விளையாட முடியாது. அடாரியின் செயலி நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் துடிக்கும், மைன்கிராஃப்ட் நொடிக்கு 20 தடவைதான் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அதிகக் கமாண்ட் ஓடவிட்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது. சாதாரணமாகக் கட்டுபவர்கள் செயலியைப் பின்பற்றாமல் விதிகளை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது, டாங்க் களத்தில் செய்தது போல. அடுத்து எதை எடுப்பது என்று கேட்டால் டெட்ரிஸ்: களம் 10-க்கு 20 கட்டம், உருவங்கள் ஏழு, ஒவ்வொன்றும் நான்கு பிளாக். வரிசை நிரம்பியதா என்று பார்க்க 10 பிளாக்கை ஒப்பிடும் ஒரே கமாண்ட் போதும், நிரம்பினால் அதற்கு மேலுள்ளதை க்ளோன் ஒரு பிளாக் கீழே இறக்கிவிடும்.